மைமூனை யார் கூப்பிடுவது

786
கல்முனைக்குடி
14.3.1980

சிவக்கொழுந்துக்கு,

உனக்குப் பெண் பிள்ளை கிடைத்ததில் எனக்குச் சந்தோசம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மனம் வராது.

செய்தி நீ சொல்லி எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு சித்தி லைலா மீன் வாங்கப் போன இடத்தில் உன் மாமியைக் கண்டிருக்கிறாள். "என்ட மருமகள் பொலன்னறுவையில புள்ள பெத்திரிக்கா. பொட்டப் புள்ள. அதுக்கு என்னமோ சோனகப் பேர் வெக்கப் போறாளாம். கேட்டீங்களா இந்தக் கூத்த?" என்று உன் மாமி சந்தையே கேட்கச் சொன்னாவாம். என்ன பேர் என்று லைலா கேட்க, "மைமூனாம்" என்றாவாம். லைலா வாங்கிய மீனையும் விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு ஓடி வந்தாள். மற்றவர் வயிறு எரிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

மைமூன் என் உம்மாவின் பேர். அது உனக்குத் தெரியும். தையல் வகுப்பில் ஒரே மெசினில் மாறி மாறித் தைத்த காலத்தில் உன்னிடம்தான் சொன்னேன், எனக்கொரு மகள் கிடைத்தால் அந்தப் பேரைத்தான் வைப்பேன் என்று. காலிதீன் மச்சானைக் கலியாணம் முடித்து ஒன்பது வருசமாகிறது. என் தங்கச்சி நாச்சியாவுக்கு வரிசையாகப் பெண் பிள்ளைகள். ஒவ்வொன்று பிறந்தபோதும் "ராத்தா, உம்மாட பேர வெக்கட்டா?" என்று கேட்டாள். நான் மூத்தவள், அது எனக்குரிய பேர் என்று சொல்லி அவளை வைக்க விடவில்லை. கடைசிப் பிள்ளைக்கு அவள் என்னோடு கோபித்துக்கொண்டு எத்தனையோ மாதம் கதைக்காமல் இருந்தாள். கூடப் பிறந்தவளுக்கே விடாத பேரை நீ எப்படி எடுப்பாய்?

போன வருசம் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். நீ சும்மா துணைக்கு வந்தவள். உனக்கு ஏற்கனவே இரண்டு ஆண் பிள்ளைகள். நான் வெறும் மடியோடு போனேன், வெறும் மடியோடு வந்தேன். வயிறு நிறைந்தது உனக்கு.

உங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள்தானே பேர் வைப்பீர்கள். இன்னும் நாள் கிடக்கிறது. வேறு பேர் பார்.

ஸாலிஹா


உ
பொலன்னறுவை
23.3.1980

அன்புள்ள ராத்தா,

நீங்கள் "அன்புள்ள" போடாமல் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வாசித்தேன். பிள்ளை பிறந்ததை உங்களுக்கு எழுதக் கடதாசி எடுத்து எடுத்து வைத்தேன். பேரை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் விட்டேன். இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை.

அன்றைக்குப் பள்ளிக்குள் போகும்போது எனக்குச் சரியான பயம். உங்கள் இடத்தில் எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, ஒன்றும் தெரியாது. உங்கள் சால்வையைத்தானே தலையில் போட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் கையேந்தினீர்கள், நானும் ஏந்தினேன். கண்ணை மூடினீர்கள், நானும் மூடினேன். கோயிலில் ஐயர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம் அல்லவா, இங்கேயும் பக்கத்தில் நிற்பவர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாக்கும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் வாய்க்குள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஒரு பொம்புளப் புள்ளயத் தாங்க, மைமூன் எண்டு பேர் வெச்சி, இந்த வாசல்ல முடி எறக்கி, கந்தூரிச் சோறு குடுக்கன்" என்று கேட்டீர்கள். நானும் அப்படியே கேட்டேன். ஒரு சொல் விடவில்லை. கடைசியில் ஆமீன் கூடச் சொன்னேன் ராத்தா!

வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் நான் என்ன கேட்டுவிட்டு வந்தேன் என்பது எனக்கே உறைத்தது. சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் அழுதுகொண்டு நின்றீர்கள். அந்த நேரத்தில் எப்படிச் சொல்ல? விளங்காமல் சொன்ன சொல் எங்கே பலிக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன். பிறகு இங்கே மாற்றலாகி வந்தோம், வாந்தி தொடங்கியது, அப்போதும் எழுதவில்லை. பெண் பிள்ளை என்று மருத்துவிச்சி சொன்னபோது எனக்குச் சந்தோசத்துக்கு முன்னே பயம்தான் வந்தது.

"சொன்ன வாக்க மாத்தேலா, அந்தப் பேர்தான்" என்கிறார் வீட்டுக்காரர் குணம். சாத்திரியார் "சி"யில் வைக்கச் சொன்னதாகச் சொல்லி, மாமி சியாமளா என்று ஒற்றைக் காலில் நிற்கிறா. நேர்த்தியை மறுத்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று நான் பயந்து சாகிறேன். கொடுத்தவர் அந்தப் பள்ளிக்குரிய உங்களுடைய அவுலியா. அவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் என்ன செய்ய ராத்தா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
கொழுந்து


786
கல்முனைக்குடி
1.4.1980

சிவக்கொழுந்துக்கு,

உன் கடிதத்தை வாசித்துச் சிரிப்பு வந்தது. ஆமீன் சொன்னாளாம்! சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழத் தொடங்கினேன் என்று தெரியாது. காலிதீன் மச்சான் கடையிலிருந்து சோற்றுக்கு வந்தவர் பயந்துபோய் "ஆருக்கு என்னவாம்?" என்று கேட்டார்.

நான் கேட்டதை அவுலியா உனக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தானே சொன்னோம், பக்கத்தில் பக்கத்தில்தானே நின்றோம்? நான் உள்ளே கிடந்ததை எல்லாம் அள்ளிக் கேட்டேன். நீ விளங்காமல் கேட்டாய். உன்னுடையதுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

எனக்குப் பொறாமைதான். ஒளிக்கவில்லை. உன் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் பால் கொடுத்துக்கொண்டு என் கடிதத்தை வாசித்ததாக எழுதினாயே, அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

நேர்ச்சையை மாற்ற வழியுண்டா என்று பள்ளி லெப்பையிடம் போய்க் கேட்டேன். "ஆசையா வெக்கிற பேர நாம ஏன் மகள் தடுக்க? வெச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லித் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். மச்சான் அதற்கு மேல். "கல்முனையில எத்தின மைமூன் இரிக்கி! நமக்குக் கிடைச்சா நாமளும் வெப்பம். இதுக்கெல்லாம் ஒரு சண்டையா?" என்கிறார். ஆண்களுக்கு எல்லாம் லேசு. ஊரிலுள்ள மைமூன்கள் அவரவர் வீட்டுப் பேரை வைத்திருக்கிறார்கள். நீ என் வாயிலிருந்து பிடுங்கி அல்லவா வைக்கிறாய்?

நாச்சியாவுக்கும் கதை போய்விட்டது. வீட்டுக்குள் வராமல் கடப்படியில் நின்றே கேட்டாள்: "என்ட புள்ளையளுக்குத் தராத பேர உன்ட பாண்டிருப்புக் கூட்டாளிக்குக் குடுத்திரிக்காய், என்ன ராத்தா?" நான் கொடுக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் நேர்ச்சைக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும். அவள் பிள்ளைகளை எல்லாம் கூட்டி வைத்துச் சிரிப்பாள்.

சியாமளா என்ற பேருக்கு என்ன குறை? அழகான பேர். அதையே வை. நேர்ச்சைக் குற்றம் என் தலையில் வரட்டும் என்று நான் பள்ளியில் போய்ச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மேலும் அந்தப் பேரை வைத்தாய் என்றால், எனக்கு இனி எழுதாதே.

ஸாலிஹா


உ
பொலன்னறுவை
10.4.1980

ராத்தாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

முந்தநாள் பேர் வைத்தோம். மடியில் கிடத்தி மைமூன் என்று காதுக்குள் சொன்னேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமி, இருந்த பாயை உதறிப்போட்டு எழும்பிக் குசினிக்குள் போய் நின்றா. வந்த சனம் பாயசத்தைக் குடித்த கையோடு போய்விட்டது. பதிவிலும் குணம் அந்தப் பேரைத்தான் கொடுத்திருக்கிறார்.

குற்றம் உங்கள் தலையில் வரட்டும் என்று லேசாக எழுதிவிட்டீர்கள். வாக்குக் கொடுத்த வாய் என்னுடையது. வந்தால் என் பிள்ளையின் தலையில்தான் வரும். உங்களுக்கு ஒரு பேர் போகிறது. எனக்கு என்ன போகும் என்று ஒரு நிமிசம் யோசித்தீர்களா?

பொறாமை என்ன, உங்களுக்கு மட்டுமா எழுதி வைத்திருக்கிறது? நானும் பட்டவள்தான். உங்களுக்கு வாப்பா கட்டித் தந்த கல்வீடு. சூறாவளிக்கு நாலைந்து ஓடு பறந்ததோடு சரி. எங்களுக்குக் கூரையே போய், தகரம் அடித்து இருந்தோம். காலிதீன் காக்கா கடை பூட்டி வரும்போது உங்களுக்கென்று ஒரு தின்பண்டச் சரையாவது கையில் இல்லாமல் வந்ததை நான் கண்டதில்லை. குணம் இத்தனை வருசத்தில் ஒரு விசுக்கோத்துப் பைக்கற் எனக்கென்று வாங்கி வரவில்லை. கேட்டால் "உனக்கென்ன பசியா?" என்று கேட்பார். இதையெல்லாம் பார்த்து வயிறெரிந்துகொண்டே உங்கள் பக்கத்தில் இருந்து தைத்தேன். ஒருநாளாவது முகத்தில் காட்டினேனா?

ஒரு பேரை விட்டுக் கொடுக்க மனமில்லாதவருக்குப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று அவுலியாவும் யோசித்தாரோ தெரியாது.

சிவக்கொழுந்து


786
கல்முனைக்குடி
6.5.1980

கொழுந்து,

உன் கடைசி வரிக்கு நான் மறுமொழி எழுதப் போவதில்லை. அதை நானே எத்தனையோ தரம் என்னிடம் கேட்டிருக்கிறேன். இன்னொருவர் கையெழுத்தில் அதைக் கண்டது இதுதான் முதல் தரம்.

கொடியேற்றத்துக்கு இந்த வருசமும் போனேன். தனியே போனேன். அதே இடத்தில் நின்று கையேந்தினேன். கேட்க வாய் வரவில்லை. என்ன பேரைச் சொல்லிக் கேட்பது? பேரில்லாமல் சும்மா ஒரு பிள்ளை என்று கேட்க எனக்குப் பழக்கமில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கொஞ்சம் சந்தனத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு விசயம். நேற்று சந்தையில் உன் மாமியைக் கண்டேன். நான் ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன். அவ விடவில்லை. பையிலிருந்து பிள்ளையின் படத்தை எடுத்து, "பாருங்க, எங்கட சியாமளாக் குட்டிய" என்றா. படத்தைப் பார்த்தேன். உன் மூக்கு.

"அவவுக்கு மைமூன் எண்டுதானே பேர்?" என்று கேட்டேன்.

"அத ஆர் கூப்பிடுற? அது பதிவுக் கடதாசியில கிடக்கட்டும். நாங்க சியாமளா எண்டுதான் கூப்பிடுற. பெத்தவளே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேக்கல்ல" என்றா உன் மாமி.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ! "அந்தப் புள்ளைக்குப் பேர் மைமூன்! கேட்டீங்களா? என்ட உம்மாட பேர் அது! சும்மா கடதாசியில கிடக்கிறதுக்கு வெச்ச பேரில்ல!" என்று கத்திவிட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தான். உன் மாமி படத்தைப் பிடுங்கிக்கொண்டு "இதென்னடியம்மா வம்பு" என்று நடையைக் கட்டினா. சித்தி லைலாவுக்கு நேற்றுத்தான் பெருநாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகுதான் புத்தி வந்தது. வைக்காதே என்று உன்னோடு சண்டை பிடித்தேன். இப்போது கூப்பிடவில்லை என்று உன் மாமியோடு சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறேன். மச்சானிடம் சொன்னேன். "உனக்கு இப்ப என்னதான் வேணும்?" என்று கேட்டார். நான் உனக்கு எழுதக் கடதாசியை எடுத்தேன்.

உன்னிடம் ஒன்று கேட்பேன். அடி புள்ள, என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய் ஒளித்து வைக்கவா எடுத்தாய்? கூப்பிடாத பேர் உனக்கு எதற்கு?

ஸாலிஹா


உ
பொலன்னறுவை
18.5.1980

அன்புள்ள ராத்தா,

போன கடிதத்தைத் தபால் பெட்டிக்குள் போட்ட கையோடு, திரும்ப எடுக்கலாமா என்று தபால் கந்தோரில் கேட்டேன். "உள்ள விழுந்தா விழுந்ததுதான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசி வரிக்காக என்னை மன்னித்துவிடுங்கள். பிள்ளை பெற்றவள் இப்படியெல்லாம் எழுதலாமா என்று குணமும் ஏசினார்.

மாமி சொன்னது உண்மைதான். நான் கூப்பிடுகிறேன் இல்லை. கூப்பிட வாயெடுத்தால் உங்கள் முகம் வந்து முன்னே நிற்கிறது. அடுத்த வீட்டு மாமரத்தில் கைவைத்துப் பிடிபட்டவள் மாதிரி வாயடைத்துப் போகிறேன். அதனால் பாப்பா, பாப்பா என்றேன். பொடியன்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மாமி சியாமளாவைத் தொடங்கியபோது தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உங்களோடு இவ்வளவு சண்டை பிடித்து வைத்த பேர், வீட்டில் கூப்பிட ஆளில்லாமல் கிடக்கிறது.

நீங்கள் சந்தையில் சத்தம் போட்ட கதையை மாமி ஆளைப் பிடித்து எழுதுவித்து அனுப்பியிருக்கிறா. உங்களுக்கு விசர் பிடித்துவிட்டதாம், பிள்ளைக்கு நூல் கட்ட வேண்டுமாம். குணம் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அதை வாசித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளையின் பேருக்காகத் தெருவில் நின்று சண்டை பிடித்தது நீங்கள் ஒரு ஆள்தான் ராத்தா.

முடி இறக்குவதும் கந்தூரியும் இன்னும் கடனாகக் கிடக்கிறது. ஓகஸ்ட் விடுமுறைக்குப் பொடியன்களின் பள்ளிக்கூடம் பூட்டியதும் ஊருக்கு வருகிறோம். நீங்கள் வந்தால்தான் நான் அந்த வாசலுக்குப் போவேன். உங்கள் உம்மாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
கொழுந்து


786
கல்முனைக்குடி
2.6.1980

கொழுந்து புள்ளைக்கு,

வா. ஆனால் நோன்பு முடிந்து பெருநாளுக்குப் பிறகு வா. நோன்புக்குள் கந்தூரிச் சோற்றை யார் தின்பது?

முடி இறக்குகிற அன்றைக்கு மட்டும் முகத்தைக் காட்டிவிட்டு ஓடுகிற வேலை வேண்டாம். ஊரில் நிற்கிற நாளெல்லாம் பிள்ளையை இங்கே கொண்டு வரவேண்டும். உன் மாமி ஏதும் சொன்னால், என்னிடம் வந்து சொல்லச் சொல்லு. சந்தை எங்கேயும் ஓடிவிடாது.

உம்மாவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாய். அதை எழுத முடியாது. உம்மா எப்போதும் வளவுக் கோடியில் கிணற்றடியில்தான் நிற்பா. வாப்பா முன் வாசலில் நின்று கூப்பிடுவார். அங்கே கேட்க வேண்டும் அல்லவா, முதலெழுத்தில் மெதுவாகத் தொடங்கி நடுவில் இழுத்துக் கடைசியில் தெருவே அதிரக் கூப்பிடுவார். பக்கத்து வீட்டு ஆடுகூடத் திரும்பிப் பார்க்கும். உம்மா மௌத்தான பிறகு இந்த வளவில் அந்தப் பேரை ஒருவரும் சத்தமாகச் சொன்னதில்லை. மகளை அப்படிக் கூப்பிட வேண்டும் என்றுதான் நான் இத்தனை வருசமும் தொண்டையை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, முதலில் நான்தான் கூப்பிடுவேன். நீ அதுவரைக்கும் பாப்பா என்றே வைத்துக்கொண்டிரு.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. அது அப்படியேதான் இருக்கிறது. பிள்ளையைக் கொண்டு வா.

ஸாலிஹா


உ
பொலன்னறுவை
14.9.1980

அன்புள்ள ராத்தா,

சுகமாக வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் பிள்ளை நல்ல நித்திரை. மொட்டைத் தலையில் நீங்கள் பூசிவிட்ட சந்தனத்தை நான் அடுத்த நாள்தான் கழுவினேன். நீங்கள் தந்துவிட்ட தொதலைப் பொடியன்கள் வழியிலேயே தின்று முடித்துவிட்டார்கள்.

இதெல்லாம் கிடக்கட்டும். நீங்கள் என் பிள்ளையை என்ன செய்து அனுப்பியிருக்கிறீர்கள்?

வந்த நாள் தொடக்கம் நான் மைமூன், மைமூன் என்று கூப்பிடுகிறேன். இப்போது எனக்கு வாயடைப்பு ஒன்றும் இல்லை. அவள் திரும்ப வேண்டுமே! முகட்டைப் பார்த்துக்கொண்டு கையைச் சூப்புகிறாள். குணம் கூப்பிட்டார், பொடியன்கள் கூப்பிட்டார்கள், கணக்கெடுக்கவில்லை. நேற்றுப் பின்னேரம் பொறுக்க ஏலாமல், நீங்கள் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரியே மெதுவாகத் தொடங்கி, இழுத்து, பக்கத்துக் குவாட்டர்சுக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே தலையை நிமிர்த்திக் கைகாலை அடித்துக்கொண்டு சிரித்தாள்.

என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை ராத்தா. நான் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறேன். அவள் கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்துச் சிரிக்கிறாள். நீங்கள் வருகிறீர்கள் என்று நினைத்துவிட்டாள். வாசலில் ஒருவரையும் காணாமல் பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

சுமந்தவள் நான், பெற்றவள் நான், பால் கொடுப்பவள் நான். இரண்டு கிழமை தூக்கி வைத்திருந்த உங்களைத் தேடுகிறாள். என் வயிறு பற்றி எரிகிறது. இது ஒரு நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

கொழுந்து


786
கல்முனைக்குடி
22.9.1980

அன்புள்ள கொழுந்து,

உன் கடிதத்தை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். நாச்சியாவைக் கூப்பிட்டு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். சித்தி லைலா கூப்பிடாமலே வந்து கேட்டாள். வாசலைப் பார்த்துச் சிரித்தாள் என்ற இடத்தை மச்சான் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி வெளியே போய்விட்டார். சுருட்டுப் பற்றவைக்கப் போனாராம். பிறகு கண்ணெல்லாம் சிவந்துபோய் வந்தார்.

எரிகிறதா? எரியட்டும். நன்றாக எரியட்டும். அரை வருசமாக நான் எரிந்தேன், நீ கொஞ்சம் எரிந்தால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். நியாயமா என்று கேட்கிறாய். இல்லை. நியாயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு நானும் மச்சானும் பொலன்னறுவைக்கு வருகிறோம். பஸ் வந்து சேரப் பின்னேரமாகும். அந்த நேரத்தில் பிள்ளையைத் தூங்க வைத்துவிடாதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இரு. வாசலில் நின்று நான் கூப்பிடுவேன். நீ முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடாதே, சொல்லிப்போட்டேன்.

உன்
ராத்தா